நேரில் வந்து பார்க்கவும்

காலையிலிருந்து போன் செய்தவர்களில் இவன் மூன்றாவது ஆள்.

"சார், நான் மிலிட்டரில இருக்கேன். ஃப்ரிட்ஜை நேர்ல பார்க்க லீவு கிடைக்காது. ஒரு க்யூஆர் கோடு அனுப்பறேன். நீங்க ஸ்கேன் பண்ணுங்க, அடுத்த நிமிஷம் பணம் உங்க அக்கவுன்ட்ல இருக்கும்."

கணவன் "சரிங்க சார்" என்று வாயைத் திறப்பதற்குள் மனைவி போனைப் பிடுங்கிவிட்டாள்.

"ஏன்யா, பணம் வாங்கறவங்க எதுக்குய்யா ஸ்கேன் பண்ணணும்? உழைச்சுச் சாப்பிட வக்கில்லாம அடுத்தவங்க பொருள்ல கை வைக்கறீங்களே, நீங்கள்லாம் உருப்படுவீங்களா?"

மிலிட்டரி பட்டென்று போனை வைத்துவிட்டது.

அவள் ஆத்திரப்பட்டதில் தப்பே இல்லை. போன மாதம் டிவியை விற்றபோது, வாங்க வந்தவன் பணம் அனுப்பிவிட்டதாகப் போனில் ஏதோ ஒரு படத்தைக் காட்டினான். இந்த மகராசன் அதை நம்பி, டிவியைத் தானே சுமந்துபோய் ஆட்டோவில் ஏற்றி, "மேடு பள்ளம் பார்த்துப் போங்க" என்று வழியனுப்பியும் வைத்தான். டிவி போயிற்று. பணம் வரவேயில்லை. போலீசுக்குப் போகவும் அவனுக்கு மனம் வரவில்லை.

"இன்னொரு தடவை ஏமாந்தீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டே இருப்பேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அதனால் இந்த முறை விளம்பரத்தை அவளே எழுதினாள். 'நேரில் வந்து பார்க்கவும். ரொக்கம் மட்டும்.' படத்தையும் அவளே எடுத்தாள். வேறு எங்கிருந்தோ சுட்ட படத்தைப் போட்டால் நம்மைத்தான் ஃபிராடு என்பார்கள் என்று, ஃப்ரிட்ஜை நாலு பக்கமும், கதவைத் திறந்தும், சுவரோடு சேர்த்தும் எடுத்துப் போட்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் ஃப்ரிட்ஜ் போயாக வேண்டும். இன்றைக்கே வீட்டைக் காலி செய்கிறார்கள். கூடம் முழுக்க மூட்டையும் அட்டைப் பெட்டியுமாகக் கிடந்தது.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் பெரிய மீசையோடு ஒருவர் நின்றார்.

"ஃப்ரிட்ஜ் விஷயமா போன் பண்ணியிருந்தேனே. வெளியூர்ல இருந்தேன். உங்க படத்தைப் பார்த்ததும் இருப்புக் கொள்ளல, கிளம்பி வந்துட்டேன்."

"படம் நான்தான் எடுத்தேன்" என்றாள் மனைவி பெருமையாக.

"ரொம்பத் தெளிவா இருந்துச்சும்மா."

உள்ளே வந்தவர் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பக்கூட இல்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். படுக்கையறையை எட்டிப் பார்த்தார். பீரோ கதவு திறந்து கிடந்ததைப் பார்த்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

"வீட்ல நீங்க ரெண்டு பேர் மட்டும்தானா?"

கணவனுக்குத் திக்கென்றது. "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். ஃப்ரிட்ஜ் எப்ப வாங்கினது?"

"எங்க கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்தது."

"அடடே, நல்ல மாமனார். கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஆறு" என்றான் கணவன். "எட்டு" என்றாள் மனைவி.

"இவருக்கு என்னைக்குத்தான் கல்யாண நாள் ஞாபகம் இருந்திருக்கு?" என்று அவள் முறைத்தாள். மீசைக்காரர் சிரிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அவள் சமையலறைக்குப் போய் அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்தாள். டம்ளர் அகப்படவில்லை. "எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டோம்ங்க" என்று பாட்டிலையே கொண்டுவந்து நீட்டினாள்.

அவர் குடித்துவிட்டு, "சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்" என்றார்.

கணவன் மனைவியின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனான்.

"ஆள் சரியில்லடி. பேரமே பேச மாட்டேங்கறான். அந்த டிவிக்காரனும் இப்படித்தான், ஒரு பைசா குறைச்சுக் கேக்கல. காசு கொடுக்கற எண்ணம் இருக்கறவன் குறைச்சுக் கேக்க மாட்டானா?"

"அதோட, வந்ததுலேர்ந்து வீட்டை வேற நோட்டம் விடறான்."

"கொள்ளைக்காரனா இருப்பானோ? கீழே எத்தனை பேரை நிறுத்தி வெச்சிருக்கானோ!"

"நடுங்காதீங்க. நான் பேசறேன்." அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி வந்தாள். "இங்க பாருங்க. ஸ்கேன், அட்வான்ஸ், நாளைக்குத் தர்றேங்கற பேச்செல்லாம் ஆகாது. ரொக்கம் என் கைக்கு வந்தாத்தான் ஃப்ரிட்ஜ் வாசலைத் தாண்டும்."

"ரொம்ப நியாயம். காசு வாங்காம இங்கேர்ந்து ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதீங்க" என்றார் அவர். "தூக்கறதுக்கு ஆளுங்க கீழே வண்டியில இருக்காங்க. பணமும் அங்கதான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்க, அஞ்சு நிமிஷத்துல கூட்டிட்டு வந்துடறேன்."

அவர் வெளியே போனதும் அவள் பெருமூச்சு விட்டாள்.

"பார்த்தீங்களா? கறாரா பேசினா எவனும் வாலாட்ட மாட்டான். பாவம், மரியாதையான மனுஷன். நாமதான் என்னென்னவோ நினைச்சுட்டோம்."

"நீ இருக்கறப்ப எனக்கு என்ன கவலை?" என்று கணவன் அசடு வழிந்தான். அம்மா வீட்டுக்குப் போகும் பேச்சு ஒருவழியாக ஓய்ந்ததில் அவனுக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

வெளியே வந்த மீசைக்காரர் கதவை மெதுவாக இழுத்துச் சாத்தி, பையிலிருந்த தன் வீட்டுச் சாவியை எடுத்து நிதானமாகப் பூட்டிவிட்டு, படியேறி வந்துகொண்டிருந்த போலீஸ்காரர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.