தேக்குக்கு ஒரு விலை

"ஆசாரியைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கான், பாத்தியா?" அண்ணன் தன் மனைவியின் காதைக் கடித்தார்.

கொட்டகையில், தம்பி கூட்டி வந்த ஆள் டேப்பும் கையுமாக ஒவ்வொரு கதவையும் அளந்துகொண்டிருந்தார். அப்பாவின் பழைய வீட்டை இடித்தபோது கழற்றி வைத்த தேக்குக் கதவுகள், ஜன்னல்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் சரிபாதி.

சண்டை வராமலிருக்க ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். மொத்த விலையை அண்ணன் சொல்ல வேண்டும். அந்த விலையில் பாதிக்கு அண்ணனின் பங்கை வாங்குவதா, தன் பங்கை அண்ணனுக்கே கொடுப்பதா என்பது தம்பியின் இஷ்டம்.

"ஒரு லட்சத்துக்கு மேல போகாதுன்னு மரக்கடைக்காரர் சொன்னாரே?" என்றாள் மனைவி.

"அது ஊருக்கு. இவன் புது வீடு கட்டுறான், மரம் வேணும். ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி நிக்கிறான் பாரு, திருட்டுப்பய! ரெண்டு சொன்னாலும் வாயை மூடிட்டு எடுப்பான்."

"என்னண்ணே ரகசியம்? விலையைச் சொல்லுங்க."

"ரெண்டு லட்சம். ஒரு பைசா குறையாது."

தம்பி கதவுகளை ஒருமுறை தடவிப் பார்த்தான்.

"சரிண்ணே, நீங்களே வச்சுக்குங்க. என் பங்கு ஒரு லட்சத்தைக் கொடுத்துடுங்க."

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் எதுக்குடா ஆசாரியை வச்சு அளந்தே?"

"ஆசாரியா? இவர் வெல்டருண்ணே. அப்பா வீட்டுக் கதவு அளவுலயே எனக்கு எல்லாத்தையும் இரும்புல செஞ்சு தரப்போறார்."