வரிசையில் ஒரு பச்சைச் சேலை

வரிசையின் நடுவில் பச்சைச் சேலை ஒன்று தெரிந்ததும் நல்லரத்தினத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

அரசாங்க சபைக்கு இரண்டாம் முறையும் தெரிவாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவர் வீட்டு முற்றத்திலேயே பச்சையா? வாவிக்கரை ஊர்களெல்லாம் காய்ச்சலில் கிடக்க, அரசாங்கக் கச்சேரி அதிகாரிகளிடம் மன்றாடி ஒரு பெட்டி கொயினாக் குளிசை எடுத்து வந்து, தன் கையாலேயே பங்கிட்டுக்கொண்டிருந்தார் மனிதர்.

பச்சையைக் கண்டு அவர் கொதித்ததற்குக் காரணம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்காகத் தேர்தலில் ஆளுக்கொரு நிறத்தில் வாக்குப்பெட்டி வைப்பார்கள். யாருக்கு எந்த நிறம் என்பதைத் தேர்தலுக்குத் தேர்தல் சீட்டுக் குலுக்கித் தீர்ப்பார்கள். இம்முறை நல்லரத்தினத்துக்குச் சிவப்பு விழுந்தது, எதிர்த்து நின்ற கோணாமலைக்குப் பச்சை. இருவரும் தத்தம் நிறத்தில் சேலை வாங்கி வீடு வீடாகக் கொடுத்ததை அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

“அந்தப் பச்சை ஆரு?” இந்தத் தேர்தலோடு வந்து ஒட்டிக்கொண்ட வல்லிபுரத்தின் காதில் கிசுகிசுத்தார்.

“மாங்கேணியாம் ஐயா. பேரு சீதேவிப்பிள்ளையாம். நேத்து வெளிக்கிட்டு, வண்டிலிலயும் வள்ளத்திலயும் வந்து சேந்திருக்கா.”

சேலை வெளுத்துப்போயிருந்தது. மடித்த தடமெல்லாம் இழை விட்டிருந்தது. கோணாமலை கொடுத்ததும் மலிவுச் சரக்குத்தான், மூன்று மாதத்தில் பல்லிளித்துவிட்டது என்று நினைத்ததில் நல்லரத்தினத்துக்குச் சற்றே ஆறுதல்.

ஆனால் அவள் சும்மா நிற்கவில்லை. முந்தானையை எடுத்து எடுத்து முன்னால் விரித்துவிட்டு, அவர் பார்க்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள். என்ன திமிர்!

அவள் முறை வந்தது. பெட்டிக்குள் இன்னும் ஏழெட்டுப் பொட்டலங்கள் கிடந்தன.

“என்ட மகளுக்குக் குலைப்பன் காய்ச்சல், ஐயா. மூத்தவன் போன மாரியில இதிலதான் போனான். இவள் ஒருத்திதான் மிச்சம்.”

நல்லரத்தினம் வயல் நிலம் நிறைந்த போடியார் வீட்டுப் பிள்ளை. சட்டம் படித்து, கோர்ட்டில் பேசிப் பழகியவர். இல்லை என்று யாருக்கும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்.

“அதுக்கென்ன புள்ள, தருவம். கொஞ்சம் அங்கால போய் நில்லு. மத்த ஆக்களை அனுப்பித்து மறுகா பாப்பம்.”

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. “எனக்குத் தெரியும். ஐயா மறக்கமாட்டீங்க.”

எதை மறக்கமாட்டேன் என்று அவர் கேட்கவில்லை. பொட்டலம் அடுத்தவர் கைக்குப் போயிற்று.

அவருக்கு மனச்சாட்சி இல்லாமலில்லை. அதுவும் சிவப்புப் பெட்டிக்கே வாக்குப் போட்டிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து நின்றவர் ஏறாவூர் உசனார். பொட்டலத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டே கேட்டார்: “கொழும்பில சுகாதாரக் குழுவில இருக்கீங்களாமே. நமக்கெண்டு என்ன சட்டம் கொண்டு வாறீங்க?”

கேட்க வேண்டுமா! நல்லரத்தினம் எழுந்தே நின்றுவிட்டார். குழுவில் மூன்று கூட்டம் மல்லுக்கட்டி அவர் தயாரித்த மசோதா வருகிற கிழமை சபைக்கு வருகிறது. அதற்கான பேச்சைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாயிற்று.

“ஏழை என்று வந்து நிற்கிற எவருக்கும், எந்த ஊர், எந்தப் பக்கம் என்று பாராமல் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். மறுப்பது குற்றம்! இதுதான் என் மசோதா!”

முற்றமே கைதட்டியது. வேலியோரம் நின்ற சீதேவிப்பிள்ளையும், பிடித்திருந்த முந்தானையை விட்டுவிட்டுத் தட்டினாள். எல்லாரையும்விட அவள்தான் பலமாகத் தட்டினாள்.

அந்தச் சந்தோசத்திலேயே மிச்சப் பொட்டலங்களும் போய்ச் சேர்ந்தன. வல்லிபுரம் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினான்.

“முடிஞ்சுது, ஐயா. இனி அடுத்த மாசந்தான் வரும்.”

சனம் கலைந்தது. வெயில் முற்றத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. சீதேவிப்பிள்ளை மட்டும் சொன்ன இடத்தில் நின்றாள். பிறகு மெல்லக் கிட்ட வந்து வெறும் பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஐயா... என்னை நிக்கச் சொன்னீங்களே. அடுத்த மாசம் வரைக்கும் அவள் தாங்கமாட்டாள்.”

இனிச் சுற்றிவளைக்க வேண்டியதில்லை. நல்லரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“கோணாமலையிட்டப் போய்க் கேளு, புள்ள. அவரிட்டச் சீலை வாங்கி உடுத்தித்து, மருந்துக்கு மட்டும் என்ட வாசலுக்கு வாறதோ?”

அவளுக்கு விளங்கவில்லை. குனிந்து சேலையைப் பார்த்தாள். இழைவிட்ட மடிப்பை விரலால் தடவிச் சரி செய்தாள். நிமிர்ந்தபோது அந்த முகத்தில் கோபம் இல்லை. பெரிய மனிதர் மறந்ததைத் தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம்தான் இருந்தது.

“முந்தின எலக்சனில உங்கட நிறந்தானே, ஐயா, பச்சை? இது நீங்க தந்த சீலை. கண்டா நம்மட ஆள் எண்டு அறிவீங்க எண்டுதான் உடுத்தித்து வந்தன்.”