கயல்விழியின் சைக்கிள்

"செயினைக் கழட்டியாச்சு. இப்ப வெறும் பெடலை மட்டும் சுத்து."

கோவிந்தசாமி சைக்கிளின் வயிற்றில் காதை வைக்காத குறையாகக் குனிந்திருந்தார். கயல்விழி பெடலைச் சுற்றினாள். நறநறவென்று சத்தம் வந்தது.

"இன்னும் வருதுப்பா."

"அப்ப செயின் மேலயும் பின்சக்கரத்து மேலயும் பழி போடக் கூடாது. கோளாறு நடு அச்சுல. உள்ள பால்ரஸ் குண்டு உடைஞ்சிருக்கு. நான் பாத்துக்கறேன், நீ போயி தலைக்குக் குளி."

குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் செம்பியன் வாயைத் திறந்தான். கோவிந்தசாமியின் மனைவி தில்லையம்மாளின் தம்பி. இதற்காகவே சிதம்பரத்திலிருந்து கடலூர் செம்மண்டலத்துக்குப் பஸ் ஏறி வந்திருந்தான்.

"மாமா, நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு. கடையில கேட்டுக்கிட்டே இருக்காங்க."

கடை என்பது சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடை. வேலை, அதன் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பைக்குள் எட்டிப் பார்த்து, பில்லில் ஓட்டை போடுவது.

கோவிந்தசாமிக்கு அதில் விருப்பமில்லை. மூடிப்போன கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸில் இருந்தவர். காலமெல்லாம் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்த கைக்கு அதை மாட்டவும் தெரியும் என்பது அவர் கட்சி. முன் அறையில் சைக்கிள் ரிப்பேர் கடை வைக்கிறேன் என்றார். தில்லையம்மாள் மறுக்கவில்லை. வீட்டில் இருக்கிற ஒரே சைக்கிள் ஒரு முழு வாரம் சத்தம் போடாமல் ஓடட்டும், அப்புறம் ஊரார் சைக்கிளைத் தொடலாம் என்றாள். மகள் காதுக்குப் போகாமல் பேசி முடித்த ஒப்பந்தம் அது.

சைக்கிள், பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் கொடுத்தது. முதலில் சரக் சரக் என்றது. செயின் தொய்ந்து கவரில் உரசுகிறது என்று கண்டுபிடித்து இழுத்துக் கட்டினார். அடுத்த வாரம் கிரீச். பெடலுக்குள் கிரீஸ் வைத்தார். அதற்கடுத்த வாரம் டொக் டொக். பெடல் கட்டையின் பின்னை மாற்றினார். திங்களிலிருந்து வெள்ளி வரை ஊமை மாதிரி இருக்கும். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து திரும்பும்போது புதுப் பாட்டோடு வரும்.

"ஒவ்வொரு தடவையும் வேற சத்தம் மச்சான். ஒரு நோவு போயி இன்னொரு நோவு வந்தா வைத்தியன் என்னா பண்ணுவான்?"

"எங்க ஊர்ல அப்படிப்பட்ட வைத்தியர்கிட்ட ரெண்டாவது வாட்டி போவ மாட்டோம் மாமா."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த தில்லையம்மாள் சிரிப்பை முந்தானையில் ஒளித்தாள்.

கோவிந்தசாமி கழற்றிய செயினைத் தொட்டுப் பார்த்தார். "நான் போட்ட எண்ணெயையே காணோமே. காஞ்சி கெடக்கு."

"யாரு குடிச்சது?"

"உப்புக் காத்து. கடலூர்ல அது ஜாஸ்தி."

"சீட்டு கூட எறங்கியிருக்கு. அதையும் காத்துதான் எறக்கிச்சா?"

"புள்ள எறக்கி வெச்சிருக்கும்." அந்தப் பதில் அவருக்கே பிடிக்கவில்லை. உடைந்த பால்ரஸைத் துடைத்தெடுத்து, புதியவற்றைக் கிரீஸில் புதைத்து, அச்சை முடுக்கி, செயினை மாட்டினார். பெடலைச் சுற்றினார். காற்று மட்டும் வந்தது.

"கேளு தில்லை. சத்தம் இருக்கா?"

"இப்ப இல்லை. சனிக்கிழமை வரும்." அவள் கீரைக் காம்புகளை ஒதுக்கினாள். "நான் உங்களக் கொறை சொல்லலிங்க. நம்ம வூட்டு சைக்கிளே வாரா வாரம் திரும்பி வருது. ஊர்ல எவன் ரெண்டாவது தடவை வருவான்? பொண்ண காலேஜுல சேக்கணும்."

எடுத்துக் கொடுப்பதும் மாட்டுவதும் ஒரே வேலை இல்லையோ என்று கோவிந்தசாமிக்கு முதல் தடவையாகத் தோன்றியது. கையிலிருந்த கிரீஸைப் பழைய வேட்டியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, நெடுநேரம் துடைத்தார்.

"சரி மச்சான். நாளைக்கே வர்றேன்னு சொல்லிடு."

மாமா மனம் மாறுவதற்குள் செம்பியன் செல்போனை எடுத்து நம்பரை அழுத்தினான்.

"ஆன்ட்டி, கயல் இருக்காளா?"

மூவரும் திரும்பினார்கள். கயல்விழியோடு படிக்கும் பிரிசில்லா, திருப்பாதிரிப்புலியூர்ப் பெண், கேட்டுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் வந்ததே யாருக்கும் கேட்கவில்லை.

"குளிக்கிறாம்மா. உள்ள வா."

"இல்ல ஆன்ட்டி. சாயந்தரம் சர்ச்சுக்குப் போவணும், அதான் நாளைக்கு வரைக்கும் காத்திருக்காம வந்துட்டேன்." பிரிசில்லா நேராகப் போய், கோவிந்தசாமி முடித்து நிறுத்தியிருந்த சைக்கிளின் பெடலை ஒரு சுற்று சுற்றினாள். முகம் மலர்ந்துவிட்டது. "நறநறன்னு ரோட்டுல மானத்த வாங்கிச்சு அங்கிள், என் சைக்கிள். உங்களுக்குத் தெரிஞ்சா திட்டுவீங்கன்னு கயல்தான் மூச்சு விடக் கூடாதுன்னா. இந்தாங்க அவளோடது. மொத வாரம் நீங்க பாத்ததுலேருந்து இது ஒரு தடவை கூட சத்தம் போடல. அதப் பாத்துட்டுதான் நாங்க ஒவ்வொருத்தரா சனிக்கிழமை எங்க சைக்கிள அவகிட்ட மாத்தி விட்டு, திங்கக்கிழமை திருப்பி வாங்கிக்கிட்டோம். அடுத்த சனிக்கிழமைக்கு இப்பவே மூணு பேர் சண்டை."

தில்லையம்மாள் தம்பியின் கையிலிருந்த போனை வாங்கி அணைத்துவிட்டு, முன் அறையைப் பெருக்கப் போனாள்.