உறையில் இருந்த மண்

செக் நாட்டின் தென் பொஹீமிய ஏரிக்கரையில், பழைய மாவு ஆலைக்குள் இருக்கும் எங்கள் ஆய்வகத்தில் காலை வெயில் கணினித் திரைமீது நடுங்குகிறது. போன மாதம் குளிர்பெட்டி பழுதாகி, ஆய்வாளர் போஹ்தானா ஒன்பது வருடம் வளர்த்த மண்பாசி முழுக்கச் செத்துப்போனது. அந்தப் பாசி முதலில் கிடைத்த மண்ணின் மிச்சம் இருந்த, எப்போதோ அவள் குப்பையில் போடச் சொன்ன உறையைத் தரை துடைக்கும் யித்கா, தன் காய்ந்த காளான்களோடு பத்திரமாக வைத்திருந்தாள். தண்ணீர் பட்டதும் அந்த மண்ணில் பாசி பச்சையாகத் துளிர்த்தது. இப்போது போஹ்தானா அந்தப் பாசியின் சாற்றில் உள்ள சேர்மங்களைக் காட்டித் திரையில் எழும் கூர்முகடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறாள். "ஒரே பாசி, பதினாலு பெப்டைடு, குட்டிக் குட்டிப் புரதம்! ஒரு மணிய மட்டும் மாத்தி மாத்திக் கோத்த மாலைங்க மாதிரி. பழசுல இருந்ததுல ஒண்ணுகூடக் குறையலக்கா!" "குப்பைன்னு சொன்ன வாய்தானே இது?" என்கிறாள் யித்கா, வாசலில் துணியைப் பிழிந்தபடி. துடைத்த ஈரத்தை எப்போதும் பூட்ஸோடு மிதித்துப்போகும் போஹ்தானா, இன்று பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காலுறை நனைய நனைய அவளிடம் போகிறாள்.