ஷூவுக்குள் ஒரு கல்

ஞானப்பிரகாசம் எழுதிக்கொண்டிருந்த நாவலின் நாயகன் இடது காலைச் சாய்த்து நொண்டி நடப்பவன். அதனால் அவர் தினமும் காலையில் தன் இடது ஷூவுக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடப்பார். நடந்த பிறகுதான் உட்கார்ந்து எழுதுவார். நாவல் முடிந்த அன்று கல்லை எடுத்து மனைவி பியூலாவிடம் கொடுத்தார். அவள் அதைக் கற்றாழைத் தொட்டியில் போட்டாள். அன்றே கைப்பிரதியைக் கொடுத்தால்தான் புத்தகக் கண்காட்சிக்கு வரும் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். ஞானப்பிரகாசம் பையோடு கிளம்பினார்.

“என்னங்க, கல்லைத்தான் எடுத்தாச்சே, இன்னும் ஏன் நொண்டுறீங்க? தெருவே பாக்குது.”

அவர் கேட் அருகில் நின்றார். வெகுநேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதே நடையில் திரும்பி வந்து ஷூவைக் கழற்றிவிட்டு, பையை மேசைமேல் வைத்தார்.

“கொடுக்கப் போகலையா?”

“கதையில அவன் இன்னும் வீடு போய்ச் சேரலை, பியூலா. நான்தான் அவசரப்பட்டு வாசல்லயே விட்டுட்டேன்.”

“அப்போ இந்த வருஷமும் புத்தகம் கிடையாது.”

“கிடையாது.”

“உங்க ஆளு நல்லா நடப்பான். நம்ம பிழைப்புதான் நொண்டும்.”

சொல்லிக்கொண்டே தொட்டி மண்ணைத் துழாவி, கல்லை எடுத்துக் கழுவி, புடவைத் தலைப்பில் துடைத்து, ஷூவுக்குள் போட்டாள்.

“இந்தத் தடவை கதவைத் தட்டட்டும்” என்றாள்.

அவர் காலை நுழைத்து எழுந்து நின்றார். சரியான இடத்தில் வலித்தது.