பெயருக்கான கட்டம்

தொழுவத்துக் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளை பெற்றவள் பதினோராம் நாள் வரை தீட்டு, தொழுவத்தில்தான் இருக்க வேண்டும், யாரும் தொடக்கூடாது என்பதால், ஊரில் சுகாதாரத் தொண்டு பார்க்கும் தன்ரூபா வாசலுக்கு வெளியே குந்தியிருக்கிறாள். உள்ளே வைக்கோல்மேல் ஜௌகலா. மடியில் கம்பளிச் சுருள். அதற்குள் ஐந்து நாள் பிள்ளை; விடியும்போது மூச்சு அடங்கிவிட்டது. மூன்றாம் நாளே, பிள்ளையைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் பதிந்ததும், தன்ரூபாவின் கைபேசித் திரை சிவந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றது. ஆஸ்பத்திரி இருக்கிற ஜும்லாவுக்குப் போகிற மலைக் கணவாய் முழுக்கப் பனி, யார் கொண்டுபோவது? அந்தச் சிவப்பைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, “கதகதப்பா வெச்சுக்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். இப்போது இறப்பைப் பதிய வேண்டும். பெயர் எழுதாமல் அடுத்த பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது பாழாய்ப்போன கைபேசி.

“பேரு கேக்குது தங்கச்சி.”

“பதினோராம் நாள்தானே அக்கா பேரு வைப்பாங்க? இன்னும் ஆறு நாள் இருக்கே.”

பசு ஒன்று நீளமாக மூச்சு விடுகிறது. ஜௌகலாவின் ரவிக்கை பாலில் நனைந்துகொண்டே இருக்கிறது.

“ஜுனேலின்னு நெனச்சு வெச்சிருந்தேன்,” என்கிறாள் சுருளைப் பார்த்து. “யார்கிட்டயும் சொல்லிடாதக்கா.”

விறைத்த விரலால் தன்ரூபா எழுத்தெழுத்தாக அழுத்துகிறாள். பக்கம் திறக்கிறது. இறப்பைப் பற்றி ஒன்றுமில்லை; மூன்றாம் நாள் கேட்ட அதே கேள்வி, இப்போது பெயரோடு. ‘ஜுனேலி பால் குடிக்கிறாளா?’

“என்ன கேக்குது அக்கா?”

தன்ரூபா ‘இல்லை’யை அழுத்துகிறாள். திரை சிவக்கிறது. ‘ஜுனேலியை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும்.’

தன்ரூபா அதை மறுபடியும் சால்வைக்குள் மறைக்கிறாள். நைந்த நெசவு வழியே சிவப்பு வெளியே தெரிகிறது.