ஓர வாய்க்காலின் வயிற்றெரிச்சல்

ஒரு கணினிச் சிப்பின் தலைமேல் செப்புத் தகடு ஒன்று உட்கார்ந்திருந்தது. சிப்பின் சூட்டைத் தணிக்க, அந்தத் தகட்டில் தலைமுடி அளவுக்கு மெல்லிய வாய்க்கால்கள் வெட்டியிருந்தார்கள். பம்பிலிருந்து தண்ணீர் வரும் துளை நடு வாய்க்காலுக்கு நேரே இருந்ததால், அதற்குத்தான் நிறையத் தண்ணீர் கிடைத்தது.

ஓர வாய்க்காலுக்கு வயிறு எரிந்தது. "நானும் அதே அகலம், அதே ஆழம். உனக்கு மட்டும் என்னடா ராஜ உபசாரம்?"

"என் அடியிலதான் சிப்பு ரொம்பக் கொதிக்குது. உனக்கு அது தெரியாது" என்றது நடு வாய்க்கால்.

"ஆமாமா, பெரிய தியாகி!"

தண்ணீரோடு வந்த ஒரு செப்புத் துகளை ஓர வாய்க்கால் கூப்பிட்டது. "தம்பி, அவன் வாசல்ல போய்க் கொஞ்சம் உட்காரேன்."

துகள் போய் உட்கார்ந்தது. தண்ணீர் ஓரத்துக்குத் திரும்பியது. ஓர வாய்க்கால் பூரித்துப்போனது. அதற்குள் சிப்பு நடுவில் கருகிவிட்டது. கணினி அணைந்தது; பம்பு நின்றது, தண்ணீரும் நின்றது.

மெக்கானிக் பூங்கொடி தகட்டைக் கழற்றி, லென்ஸ் வைத்து நடு வாய்க்காலையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தகட்டைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

கூடைக்குள் கிடந்த ஓர வாய்க்கால் பொருமியது: "பாத்தியா, அவளும் உன்னைத்தான் பாத்தா! என் பக்கம் ஒரு தடவையாவது திரும்பினாளா?"